‘புரிந்தது’ முத்திரை

சான் கமிலோ சந்தையில் பழச்சாறு விற்கிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறமாட்டார்கள். குடித்துவிட்டுப் புகழ்கிறவன் வாடிக்கையாளன். குடிக்காமலே புகழ்கிறவன் வேறு ஏதோ காரியமாக வந்திருக்கிறான். அதனால் மாரிசியேலோ என்ற அந்த இளம்பெண் கடை முன்னால் வந்து, ஸ்டூலில்கூட உட்காராமல், "நேலிதா, நீங்க ஒரு நிபுணர்" என்று சொன்னதும், நேலிதா முதல் வேலையாகத் தன் பர்ஸை எடுத்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள்.

"எதுல நிபுணர்?"

"உங்க வாழ்க்கைல."

"அதை எங்கம்மாகிட்ட சொல்லிப் பாருங்க."

அம்மா ஃபௌஸ்தா அன்னாசிப் பழத்தின் தலையை ஒரே வெட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னவாம் அந்தப் பொண்ணுக்கு? விக்க வந்திருக்கா, வாங்க வந்திருக்கா?"

மாரிசியேலோ விற்கவும் வரவில்லை, வாங்கவும் வரவில்லை. அரெக்கிப்பா நகரில் புதிதாகத் திறந்திருக்கும் ‘அனைவரையும் உள்ளடக்கிய உடல்நல ஆய்வு நிலைய’த்திலிருந்து வந்திருந்தாள். அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் சாப்பிடுகிற மாத்திரைகளைப் பற்றி ஆய்வு. அவர்களை வைத்து அல்ல, அவர்களோடு சேர்ந்து. இந்தச் ‘சேர்ந்து’ என்ற சொல்லை அவள் இரண்டு கையையும் கோத்துக் காட்டிச் சொன்னாள்.

"இவ்வளவு நாளா உங்ககிட்ட யாருமே கேட்டதில்லை நேலிதா. இனிமே நாங்க கேப்போம்."

"நான் கேக்கலாமா?"

"என்னது?"

"நீங்க கேப்பீங்க, சரி. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"ஐயோ, அதுக்குத்தானே எல்லாமே!"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நேலிதா போனாள். மற்றபடி அவளுக்கு அந்தப் பெண்ணின் சிரிப்பும் பிடிக்கவில்லை, கோத்துக்கொண்ட கையும் பிடிக்கவில்லை.

நேலிதாவுக்கு வயது முப்பத்தாறு. எதுவும் அவளுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும். புரிந்துவிட்டால் லேசில் போகாது. படிக்கவும் தெரியும், சொல்லுக்கு அடியில் விரல் வைத்துக்கொண்டு. கடையில் தோல் அள்ளுவது, தம்ளர் கழுவுவது, ஆரஞ்சை அடுக்குவது எல்லாம் அவள் வேலை. அவளுக்கு ஆசையோ ஊற்றுவதில். சாறு ஊற்றுவது சாதாரண விஷயமில்லை. தம்ளரை விளிம்புவரை நிரப்ப வேண்டும், சிந்தக் கூடாது. குடித்து முடித்ததும் ஜாடியில் மிஞ்சியதைக் கொசுறாக அதே தம்ளரில் ஊற்ற வேண்டும். விற்கிறவளும் வாங்குகிறவளும் ஒருவரை ஒருவர் ‘காசேரா’ என்று கூப்பிட்டுக்கொள்கிற சந்தை அது. கொசுறு ஊற்றத் தெரியாதவளை யாரும் காசேரா என்று கூப்பிடமாட்டார்கள்.

நேலிதாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் கை நடுங்கும். ஜாடியைத் தூக்கினால் பாதி தம்ளரில், பாதி வாடிக்கையாளரின் மடியில்.

நடுக்கத்துக்குக் காரணம் மாத்திரை என்று அவளுக்குச் சந்தேகம். பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் மாத்திரை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைக்குப் படுதா போடும்போது, அம்மா கையில் வைத்துக் கொடுப்பாள். போட்டால் அரைமணியில் நாக்கு தடித்துவிடும். மறுநாள் பத்து மணிவரை தலைக்குள் ஈரத்துணி கிடக்கும். மாதம் ஒரு தடவை சுகாதார நிலையத்தில் போய் வாங்க வேண்டும். அங்கே வருஷத்துக்கு ஒரு டாக்டர் மாறுவார். புதிதாக வருகிறவர் பழையவர் எழுதியதைப் பார்த்து எழுதுவார். பழையவர் அவருக்கு முந்தையவரைப் பார்த்து எழுதியிருப்பார். "இது எதுக்கு டாக்டர்?" என்று நேலிதா கேட்டால், டாக்டர் அம்மாவைப் பார்த்து, "அவளுக்கு நல்லதுதாம்மா" என்பார். பதினேழு வருஷமாக இதுதான் பதில்.

ஆய்வு நிலையம் பழைய வெள்ளைக்கல் மாளிகை ஒன்றில் இருந்தது. வாசலில் தங்க எழுத்து: ‘உங்கள் குரல் இல்லாமல் இங்கே எதுவும் இல்லை.’ அதற்குக் கீழே நின்றிருந்த காவலாளி, "யார் கூட வந்தீங்க?" என்றான்.

"தனியாத்தான்."

"உங்களை மாதிரி ஆளுங்க துணை இல்லாம உள்ள போகக் கூடாதும்மா. ரூல்ஸு."

நேலிதா திரும்பி சந்தைக்கு நடந்து, கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஃபௌஸ்தா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே முதலில் ஒரு பரீட்சை. தானே முடிவெடுக்கும் திறன் அவளுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை. மாரிசியேலோ ஒரு வட்டம் போட்ட தாளை நீட்டி, "இதுல பதினொண்ணரை மணி காட்டற மாதிரி கடிகாரம் வரைங்க" என்றாள்.

"எந்தக் கடிகாரம்?"

"ஏதாவது ஒண்ணு."

நேலிதாவுக்குத் தெரிந்த கடிகாரம் சந்தைக் கடிகாரம். அது நாலு வருஷமாக நாலு பத்தில் நிற்கிறது. அதைத்தான் வரைந்தாள். மாரிசியேலோ உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ குறித்தாள்.

"மிஸ், இதுல பாஸானா என்ன?"

"நீங்களே முடிவெடுப்பீங்க, ஆய்வுல சேரலாமா வேணாமான்னு."

"ஃபெயிலானா?"

"உங்களுக்காக நாங்க முடிவெடுப்போம்."

"என்னன்னு?"

"சேரலாம்னு."

நேலிதா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பாஸா ஃபெயிலா என்று அதன்பிறகு அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அடுத்து சம்மதப் படிவம். டாக்டர்களுக்கான படிவம் இருபத்திரண்டு பக்கம். நேலிதாவைப் போன்றவர்களுக்கு எளிமையாக்கிய படிவம் அறுபத்தொரு பக்கம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு படம் போட்டிருந்தார்கள். மாத்திரைக்கும் படம் இருந்தது. அதற்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தது. பல் தெரியச் சிரித்தது.

"இது ஏன் சிரிக்குது?"

"உங்களுக்குப் பயம் வரக் கூடாதுன்னு."

"இப்பத்தான் வருது."

கடைசிப் பக்கத்தில் நேலிதாவின் கையெழுத்து. அதற்குக் கீழே, நேலிதா யாருடைய உதவியும் இல்லாமல் சுயமாக முடிவெடுத்தாள் என்று அவளுடைய அம்மாவின் கையெழுத்து. ஃபௌஸ்தா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுயமா பண்ணினான்னா நான் எதுக்கு? நான் வேணும்னா அவ எங்க சுயமா பண்ணினா?" மாரிசியேலோ இரண்டு கையையும் கோத்துக் காட்டினாள். ஃபௌஸ்தாவுக்குக் கடைக்குப் போகிற அவசரம். போட்டுவிட்டாள்.

ஒன்பதாம் எண் படமும் வாசகமும் என்னவென்றால், நேலிதாவின் சுகாதார நிலையக் கோப்பை ஆய்வு நிலையம் எடுத்துப் பார்க்கலாம் என்பது. அதில் ஒரு பூதக்கண்ணாடி சிரித்தது. ‘பார்க்கட்டும். அவங்க பார்த்தா எனக்குச் சொல்லுவாங்க’ என்று நேலிதா நினைத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் சந்தேகப்படாமல் விட்ட ஒரே இடம் அது.

வியாழக்கிழமைதோறும் கூட்டம். நேலிதாவுக்குத் துணையாக இன்னொரு நிபுணரும் இருந்தார். பெயர் வில்பர், வயது ஐம்பது, செருப்புக் கடையில் அட்டைப்பெட்டி மடிக்கிறவர். முட்டை, தக்காளி, அவகாடோ வைத்த மூவடுக்கு ரொட்டி கூட்ட முடிவில் கிடைக்கும் என்பதற்காகவே வந்தவர். அதை ஒளிக்கவும் இல்லை.

"இங்க என்ன பண்ணணும்ணே?" என்று நேலிதா கேட்டாள்.

"ஆமான்னு சொல்லணும்."

"எதுக்கு?"

"அதெல்லாம் கேட்டா ரொட்டி லேட்டாகும் தாயி."

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் பெர்னின்சோன். உயரமானவர், குனிந்து பேசுவார். முதல் வியாழக்கிழமை அவர் ‘செவிமடுத்தல்’ பற்றி உரையாற்றினார்.

"முப்பது ஆண்டுகளாக நான் இம்மக்களைப் பற்றி எழுதிவந்திருக்கிறேன். அந்த முப்பது ஆண்டில் இவர்களில் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை. அந்த அளவுக்கு நடுநிலை காத்தேன். இப்போது சந்திக்கச் சொல்லி நிதி வந்திருக்கிறது. சந்தித்தேன். நெகிழ்ந்துபோனேன். இவர்களும் காபி குடிக்கிறார்கள். நம்மைப் போலவே சர்க்கரை போட்டுக்கொள்கிறார்கள். இனி நான் பேசப்போவதில்லை, கேட்கப்போகிறேன். கேட்பது என்றால் என்ன? அதில் ஏழு வகை இருக்கிறது."

ஏழாவது வகைக்கு வர ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. நாலாவது வகையில் வில்பர் கையைத் தூக்கினார். அறை முழுக்க அமைதி. டாக்டர் பெர்னின்சோன் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்கிறேன், வில்பர்" என்றார்.

"ஒண்ணுக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டக் குறிப்பில், ‘பங்கேற்பாளர் ஒருவர் தன் தேவையைத் துணிவுடன் முன்வைத்தார்’ என்று ஏறியது.

கூட்டம் முடிகிற நேரத்தில் நேலிதா எழுந்தாள். "டாக்டர், நான் தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை சாப்பிடறேன். அது எதுக்கு?"

டாக்டர் பெர்னின்சோன் நெஞ்சில் கை வைத்தார். "என்ன ஒரு கேள்வி! மாரிசியேலோ, மரம்!"

மாரிசியேலோ ஓடிப்போய் அட்டையில் செய்த ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேள்வி மரம். நேலிதாவின் கேள்வியைப் பச்சை இலை ஒன்றில் எழுதி, கிளையில் கிளிப் போட்டு மாட்டினார்கள். மரத்தோடு நேலிதாவைப் படம் எடுத்தார்கள்.

"பதில்?" என்றாள் நேலிதா.

"இது கேள்வி மரம் நேலிதா" என்றாள் மாரிசியேலோ. "பதில் மரம் ரெண்டாவது கட்டத்துல வருது."

அடுத்த வியாழன் மறுபடி கேட்டாள். இன்னொரு இலை. அதற்கடுத்த வியாழன் இன்னொன்று. பதினொரு வியாழனில் பதினொரு இலை. மரம் செழித்துவிட்டது. செழித்த மரத்தின் படம் சாந்தியாகோவில் நடந்த மாநாட்டில் பரிசு வாங்கியது. கேட்டது எல்லாம் ஒரே கேள்வி என்று அங்கே யாரும் கவனிக்கவில்லை. நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள்தான் ஒரு நாள், "ஏம்மா, இதையே எத்தனை தடவை எழுதுவீங்க? விழுந்தா நான்தானே பொறுக்கணும்" என்றாள். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

நேலிதாவுக்குச் சந்தேகம் முற்றியது. காபியைக் கீழே கொட்டினாள். ரொட்டியைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். "அண்ணே, இவங்களுக்கு நம்மகிட்டேருந்து என்ன வேணும்?" என்று வில்பரைக் கேட்டாள்.

"முத்திரை வேணும் தாயி. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

முத்திரையைப் பற்றிச் சொல்லவேண்டும். எளிய மொழியில் எழுதுகிறோம் என்று கிளம்பியவர்களுக்கு ஒரு விதி உண்டு. எழுதியதை நேலிதாவும் வில்பரும் படித்துப் பார்த்து, புரிகிறது என்று சொன்னால்தான் அது செல்லும். புரியவில்லை என்றால் குறை அவர்கள் தலையில் இல்லை, எழுதியவர் கையில். திருப்பி எழுத வேண்டும். நல்ல விதிதான், யாரோ நேர்மையானவர் போட்டது. நிலையமும் அதை எடுத்துக்கொண்டு, இருவருக்கும் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை செய்து கொடுத்தது. நீல மை. ‘புரிந்தது.’

"‘புரியலை’ முத்திரை எங்க?" என்று நேலிதா கேட்டாள்.

மாரிசியேலோ திட்ட அறிக்கையைப் புரட்டினாள். "அதுக்கு ஒதுக்கீடு இல்லை நேலிதா."

வில்பர் தன் முத்திரையைத் தாளில் குத்தினார், உறையில் குத்தினார், மேஜையில் குத்தினார், ஒரு தடவை ரொட்டி சுற்றி வந்த காகிதத்திலும் குத்தினார். நேலிதா தன்னுடையதை ஏப்ரன் பைக்குள் போட்டுப் பொத்தானைப் போட்டாள். வாராவாரம் வரைவு வரும். வாராவாரம் அவள் விரல் வைத்துப் படிப்பாள். "புரியலை" என்பாள். உண்மையாகவே புரியவில்லை. ‘மருந்து மேலாண்மையில் பங்கேற்பு உணர்வு’ என்றால் என்ன என்று எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்பது அவள் சந்தேகம்.

ஒன்பதாவது வரைவும் திரும்பியதும் டாக்டர் பெர்னின்சோன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நேலிதா, நமக்குள்ள என்ன பிரச்சினை?"

"மாத்திரை எதுக்குன்னு சொல்லுங்க. குத்தறேன்."

"அது ஆய்வோட வரம்புக்குள்ள வராதே."

"மாத்திரை பத்தின ஆய்வுதானே?"

"மாத்திரைங்களைப் பத்தி. உங்க மாத்திரையைப் பத்தி இல்லை."

"என் ஃபைலை வாங்கினீங்களே. அதுல எழுதியிருக்குமே. காட்டுங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் குரலில் ஒரு தந்தையின் பெருமிதம் வந்தது. "காட்ட முடியாது. அது ரகசியம். உங்க ரகசியத்தை நாங்க உயிரைக் குடுத்துக் காப்பாத்தறோம். பேரை எடுத்துட்டு நம்பர் போட்டிருக்கோம். எந்த நம்பர் யாருன்னு எனக்கே தெரியக் கூடாதுன்னு இரும்புப் பெட்டியில பூட்டி வச்சிருக்கேன்."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"யார்கிட்டேருந்து காப்பாத்தறீங்க?"

"எல்லார்கிட்டேருந்தும்."

"என்கிட்டேருந்துமா?"

டாக்டர் சற்று யோசித்தார். "விதிவிலக்கு வச்சா அப்புறம் அது ரகசியமே இல்லையே, நேலிதா."

அன்று சாயங்காலம் படுதா போடும்போது நேலிதா மாத்திரையை வாங்கமாட்டேன் என்றாள். ஃபௌஸ்தா பயந்துபோனாள். "நிறுத்தினா நீ மறுபடி அன்னைக்கு மாதிரி கத்த ஆரம்பிச்சிடுவேன்னு சொன்னாங்களேடி" என்று அழுதாள். நேலிதா அம்மாவின் அழுகையைத் தாங்கமாட்டாள். வாயைத் திறந்தாள்.

அறிக்கை வெளியீடு டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை. நிதி கொடுத்தவர்கள் தலைநகர் லிமாவிலிருந்து விமானத்தில் வந்துவிட்டார்கள். அறிக்கையில் வில்பரின் முத்திரை இருந்தது, நேலிதாவின் முத்திரை இல்லை. மாரிசியேலோ இரண்டு நாளாகத் தூங்கவில்லை. கடைசியில் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. மேடையிலேயே நேலிதா ஒரு பக்கத்தைப் படிக்கட்டும். படித்ததும் எல்லோர் முன்னாலும் முத்திரை குத்தட்டும். இருநூறு பேர் பார்க்கும்போது யார் புரியலை என்று சொல்வார்கள்?

அறிக்கை வறட்சியாக இருக்கிறது, மனித முகம் வேண்டும் என்று லிமாக்காரர்கள் கேட்டிருந்ததால், முந்தின நாள்தான் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சிறு கதை சேர்த்திருந்தார்கள். சின்னச் சின்ன வரிகள், பக்கத்தில் படங்கள். அதைப் படிக்கக் கொடுத்தார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஃபௌஸ்தா நல்ல தொப்பி போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தாள். வில்பர் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார். டாக்டர் பெர்னின்சோன் அரைமணி பேசி, "இனி அவர்களே பேசட்டும்" என்று மைக்கைத் தன் கையிலேயே பிடித்தபடி நேலிதாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

நேலிதா விரலை வைத்தாள்.

"பங்கேற்பாளர் பதினாலு. பங்கேற்பாளர் பதினாலு ஒரு பெண். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது."

பக்கத்தில் சிரிக்கிற பெண் படம்.

"அவர் அப்பா வெள்ளைக்கல் வெட்டுகிறவர். கல் விழுந்து அப்பா இறந்தார்."

பக்கத்தில் ஒரு கல். அதற்கு மட்டும் முகம் போடாமல் விட்டிருந்தார்கள்.

நேலிதாவின் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. குரல் சின்னதாகிவிட்டது.

"அவர் மூன்று நாள் கத்தி அழுதார். தூங்கவில்லை. டாக்டர் ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்துக்குக் கொடுத்தார். மூன்று வாரம் முடிந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அவர் பதினேழு வருஷமாகச் சாப்பிடுகிறார். வேறு காரணம் கோப்பில் இல்லை. அவர் கை நடுங்குகிறது. அது மாத்திரையால் இருக்கலாம்."

மண்டபம் கைதட்டியது. எவ்வளவு அழகாகப் படிக்கிறாள் என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேலிதா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பத்து வரியையும் மறுபடி ஒரு தடவை, சத்தமில்லாமல், விரல் வைத்துப் படித்தாள். அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும்.

"டாக்டர், பதினாலு யாரு?"

டாக்டர் பெர்னின்சோன் புன்னகை மாறாமல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பங்கேற்பாளர் பதினான்கு இந்த அறையில் இருக்கிறார் என்று என்னால் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இதுதான் எங்கள் அறநெறி."

மீண்டும் கைதட்டல்.

மூன்றாவது வரிசையில் ஃபௌஸ்தா எழுந்து நின்றாள். தொப்பி சரிந்திருந்தது. "மூணு வாரமா?" என்றாள். யாரிடமும் கேட்கிற மாதிரி இல்லை. "மூணு வாரத்துக்கா குடுத்தாங்க? என் கையாலல்லவா குடுத்தேன். தினம் தினம் தண்ணி மொண்டு வச்சு, வாயைத் திறடின்னு திட்டி, இந்தக் கையால. உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்யா?"

மாரிசியேலோவுக்குப் பதில் தெரியும். கோப்பு ஏப்ரல் மாதமே வந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, அழாத" என்றாள் நேலிதா மேடையிலிருந்து. "உனக்கும்தான் யாரும் சொல்லலை."

பிறகு ஏப்ரன் பொத்தானைக் கழற்றி முத்திரையை எடுத்தாள். அதன்மேல் ஊதினாள். நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஒன்பதாம் பக்கத்தில், கல் படத்துக்குப் பக்கத்தில், அழுத்திக் குத்தினாள். ‘புரிந்தது.’ இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் பக்கத்தைக் கிழித்தது கேட்கவில்லை.

"நேலிதா, அது நிலையத்தோட ஆவணம்" என்று டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்.

"இதுல யார் பேரும் இல்லையே டாக்டர்" என்று மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சுகாதார நிலையத்தில் அந்த வருஷத்து டாக்டர் இருந்தாள், சின்ன வயசுப் பெண். நேலிதா தாளை மேஜையில் வைத்தாள். ஓரத்தில் நிலையத்தின் சின்னம், நடுவில் நீல முத்திரை. டாக்டர் அதைப் படித்தாள். பழைய கோப்பை எடுத்து, தூசி தட்டி, அடியில் கிடந்த முதல் தாள்வரை போனாள். காது சிவந்துவிட்டது.

"இதை யாரு இன்னும் எழுதிட்டிருக்காங்க?"

"நீங்கதான். போன மாசம்கூட."

டாக்டர் அந்த முதல் தாளைக் கோப்பின் மேலே எடுத்து வைத்தாள். பிறகு ஃபௌஸ்தாவைப் பார்க்காமல் நேலிதாவைப் பார்த்துப் பேசினாள். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், மாசாமாசம் வந்து காட்ட வேண்டும், நடுவில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பயப்படக் கூடாது என்றாள். நேலிதா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். டாக்டரும் சொன்னாள். பதினேழு வருஷம் வாயால் கேட்டபோது கிடைக்காதது தாளில் இருந்ததும் கிடைத்துவிட்டது. அந்தக் கோபம் நேலிதாவுக்கு இன்னும் ஆறவில்லை.

எட்டு மாதம் ஆனது. இரண்டு மாதம் படாதபாடு பட்டாள். தூக்கமில்லாமல் ஆரஞ்சைச் சுவரில் எறிந்தாள், அப்பாவை நினைத்து மறுபடி அழுதாள். ஃபௌஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதாள். அதன்பிறகு காலையில் தலைக்குள் கிடந்த ஈரத்துணி காணாமல் போனது. கை முழுசாக நிற்கவில்லை. ஜாடியைப் பிடிக்கிற அளவுக்கு நின்றது.

நிலையத்தின் ஆண்டறிக்கையில் இதெல்லாம் வந்தது. ‘ஆய்வில் பங்கேற்றதால் ஒரு பங்கேற்பாளரின் வாழ்வில் பெருமாற்றம்’ என்று தலைப்பு. பதினொரு இலை மரம் அட்டைப்படம்.

அந்தப் பெருமாற்றத்தை நேரில் காட்ட டாக்டர் பெர்னின்சோன் ஒரு வியாழக்கிழமை லிமாக்காரர்கள் நாலு பேரைச் சந்தைக்குக் கூட்டிவந்தார். கூடவே படம் பிடிக்கிறவன். வில்பர் அப்போதுதான் பப்பாளிச் சாறு குடித்து முடித்து, காலித் தம்ளரோடு ஓரத்து ஸ்டூலில் இருந்தார். நிலையத்துக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். ரொட்டியில் அவகாடோவைக் குறைத்துவிட்டார்களாம்.

"வாங்க காசேரா" என்றாள் நேலிதா, எல்லோருக்கும் பொதுவாக.

ஐந்து தம்ளரை வரிசையாக வைத்து விளிம்புவரை ஊற்றினாள். ஃபௌஸ்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். லிமாக்காரர்கள் தலையாட்டினார்கள். டாக்டர், "பாருங்கள், நாங்கள் கேட்டோம், அவள் பேசினாள்" என்று விளக்கிக்கொண்டே தன் தம்ளரை முதலில் காலி செய்தார். அரெக்கிப்பாவில் பிறந்தவர் இல்லையா, முறை தெரியும். காலித் தம்ளரை நீட்டினார்.

"கொசுறு?"

நேலிதா ஜாடியைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். ஒரு தம்ளருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. டாக்டரைப் பார்த்தாள்.

"டாக்டர், இதுல உங்க பங்கு இருக்குன்னு என்னால உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது."

அப்படியே ஜாடியை வில்பர் பக்கம் திருப்பி ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.